ஆளில்லாத மாளிகை

இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய ரோம எழுத்தாளர் ஒருவருக்கு ஏரிக்கரையில் இரண்டு மாளிகைகள் இருந்தனவாம். ஒன்று பாறை உச்சியில், மற்றது தண்ணீரைத் தொட்டபடி. இரண்டும் எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியாது. மிஞ்சியது அவர் எழுதி வைத்தது மட்டும்தான். 2006இல் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் நடந்த ஒரு கண்காட்சிக்காக, அதை வாசித்து வாசித்து அந்த மாளிகைகளைக் கணினியில் கட்டி எழுப்பியவள் தர்சினி.

கட்டிலில் கிடந்தபடியே தூண்டில் போடலாம் என்று பெருமையாக எழுதியிருந்தார் அந்தப் பெரிய மனுசர். பிடித்த மீனை யார் வெட்டினார்கள், யார் சமைத்தார்கள் என்று மூச்சு விடவில்லை. தர்சினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குசினிக்குள் இரண்டு அடிமைப் பெண்களையும் படகில் துடுப்புப் போட ஒருவனையும் வரைந்து வைத்தாள்.

கண்காட்சிப் பொறுப்பாளர் கெல்லர் அம்மையார் முகம் சுளித்தார். "இவர்களுக்கு ஆதாரம் இல்லையே. எடுத்துவிடுங்கள்."

"இந்தத் தூண்களுக்கும்தான் ஆதாரம் இல்லை."

"தூண்கள் அழகாக இருக்கின்றன."

தர்சினி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று பேரையும் அழித்தாள். அடுப்பு தானாக எரிந்தது. படகு தானாக ஓடியது.

திறப்பு விழாவில் சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. "என்ன ஒரு அமைதி!" என்று உருகினார் ஒருவர். தர்சினியோடு கூட வந்த அவள் அண்ணன் கஜரூபன், பங்களித்தவர்களின் பெயர்ப்பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"உன்ர பேரைக் காணேல்லையே?"

"தேடாதேங்கோ அண்ணா," என்றாள் தர்சினி. "அந்த மாளிகை தானாத்தான் எழும்பினது."