கேப்டனுக்குப் பின்னால் ஒரு குரல்

ரோனியின் அண்ணன் ஸ்டாஷின் குரல் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சமிருந்தது. ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரில், கடலில் மூழ்கிச் செத்துப்போன ஒரு கேப்டனுக்கும் அவன் மனைவிக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டிருந்தது. சொன்னால் சிரிப்பு வரும். வருஷா வருஷம் அதைக் கேட்டு எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ரோனி உட்பட.

தொடரின் பெயர் 'டன்மோர் மாளிகை'. அறுபதுகளில், வார நாட்களில், மாலை நான்கு மணிக்கு வரும். பள்ளிக்கூட மணி அடித்ததும் நியூ ஜெர்சிப் பிள்ளைகள் பைகூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு ஓடியது அதற்காகத்தான். பேய், சவப்பெட்டி, மெழுகுவத்தி, ஓயாத மழை எல்லாம் உண்டு. காசு மட்டும் இல்லாமல் எடுத்த தொடர். கதவைச் சாத்தினால் சுவரே ஆடும். கல்லறைக் காட்சியில் மைக்கின் நிழல் விழும். செத்துக் கிடப்பவன் மூக்கில் ஈ உட்கார்ந்தால் பிணம் மூக்கைச் சுளிக்கும். ரசிகர்களுக்கு இந்தத் தப்புகள்மேல்தான் உயிர். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக் கொஞ்சுவார்கள். வெளியாள் யாராவது அதைப் பார்த்துச் சிரித்துவிட்டால் மட்டும் முகம் கடுகடுத்துவிடும்.

அப்போது ரோனிக்குப் பதின்மூன்று வயது. பேயோன் ஊரில், எண்ணெய் ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அப்பா வாங்கிக் கொடுத்த டேப் ரெக்கார்டரின் மைக்கை ஒரு ஸ்டூலில் வைத்து, டிவி பெட்டியின் வாய்க்கு நேரே தள்ளி, தொடரைப் பதிவு செய்வாள். அந்த அரை மணி நேரம் வீட்டில் ஒருவரும் மூச்சு விடக் கூடாது. அம்மாவே அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைப்பாள்.

கேப்டன் இலையஸ் டன்மோர் முதல் தடவையாகக் கடலிலிருந்து எழுந்து, சொட்டச் சொட்ட மாடியேறி வந்த அன்றைக்கும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி சீலியாவின் எதிரில் நின்று கேட்டான்: "கதவைத் திறந்து வைத்தது யார், சீலியா?" சரியாக அந்த நேரம் பார்த்துக் கராஜ் வேலை முடிந்து வந்த ஸ்டாஷ் குளிர்பெட்டியைத் திறந்தான்.

"என் சாண்ட்விச்சைத் தின்னது யாரு, ரோனி?"

அன்றைக்கு அவனை அடிக்கவே போய்விட்டாள். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷம் அவன் வியட்நாமுக்குப் போனான். திரும்பி வந்தது மூடிய பெட்டி. திறந்து பார்க்க வேண்டாம் என்று கூட வந்த ராணுவக்காரரே சொல்லிவிட்டார். போட்டோக்கள் இருந்தன, கடிதங்கள் இருந்தன. குரல் என்று பார்த்தால் அந்த ஒரு வாக்கியம்தான். தூக்கமும் பசியும் கலந்த குரல். கடைசியில் 'ரோனி' என்று சொல்லும்போது பாதிச் சிரிப்பு.

தொடரை எடுத்த ஸ்டுடியோக்காரர்கள் செலவை மிச்சம் பிடிக்க, பழைய நாடாக்களை அழித்துவிட்டு அவற்றின்மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவிட்டார்கள். மற்ற அத்தியாயங்களெல்லாம் எங்கெங்கிருந்தோ தேடி எடுக்கப்பட்டன. கேப்டன் எழுந்து வந்த அந்த அத்தியாயம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. படம் போனது போனதுதான். ஒலி இருந்தது, ரோனியிடம் மட்டும். அந்த ஸ்டுடியோக்காரர்கள் நாசமாய்ப் போக என்று ஒவ்வொரு ரசிகர் கூட்டத்திலும் மேடையேறிச் சாபம் கொடுத்துவிட்டுத்தான் ரோனி நாடாவை ஓடவிடுவாள்.

கூட்டம் ஆண்டுக்கொரு முறை, நூவர்க் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் நடக்கும். கறுப்பு மேலங்கி, பொய் நகம், கேப்டன் மாதிரி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிற மாமாக்கள் என்று களை கட்டும். சனிக்கிழமை மத்தியானம் விளக்கை அணைத்துவிட்டு ரோனியின் நாடாவைக் கேட்பார்கள். கேப்டன் கேள்வியை முடித்ததும் கூடம் முழுக்க ஒரே குரலில், "என் சாண்ட்விச்சைத் தின்னது யாரு, ரோனி?" என்று கத்துவார்கள். கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த இரைச்சலில் ஸ்டாஷின் குரல் கேட்காது. ஒலிபெருக்கியை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ரோனிக்கு மட்டும், அடியில் ஓர் இழையாகக் கேட்கும். அவளுக்கு அது போதும்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். யாரும் நகல் எடுக்கக் கூடாது. வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். ரெக்கார்டரோ போனோ அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சட்டச் சிக்கல் வரும் என்று காரணம் சொல்வாள். அண்ணன் குரல் ஊரார் காரிலெல்லாம் ஓடிக்கொண்டிருப்பதை அவளால் தாங்க முடியாது, அதுதான் உண்மை. இன்னொரு உண்மையும் உண்டு. அந்த நாடா ஒன்றுதான் அவளை அந்தக் கூட்டத்துக்கு ராணியாக்கியது. வருஷம் முழுக்கப் பல் மருத்துவரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு நாள் ராணியாக இருப்பது கசக்குமா?

ஸ்டாஷ் செத்துப்போனதை அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை யாரோ, "உன் அண்ணன் எப்படி இருக்கான், இன்னும் சாண்ட்விச் தேடுறானா?" என்று கேட்டார்கள். "ஃப்ளோரிடால இருக்கான், தொப்பை போட்டுட்டான்" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அப்புறம் அதையே கட்டிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், மீன்பிடி படகு வாங்கிக் கொடுத்தாள், முட்டி வலிகூட வரவைத்தாள். அந்தக் கூடத்துக்குள் அவன் நன்றாகத்தான் இருந்தான்.

போன வருஷம் நாடா இரண்டு தடவை அறுந்தது. டப்பாவைத் திறந்தால் காடி நெடி. வயதானால் நாடாவும் மக்கிப்போகும். வாரன் டிட்மார்தான் அவளை ஓரமாக அழைத்துப் போனான். ரேடியோ நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன், தொடரில் வரும் வசனம் மொத்தமும் மனப்பாடம்.

"ரோனி, இன்னும் ஒரே ஒரு தடவைதான் இது ஓடும். எங்கிட்ட குடு. கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்."

"ஏத்தினா ஊருக்கே போயிடுமே."

"ஒரே காப்பி. உன் கைல மட்டும். எம் பொண்டாட்டி கல்லறை மேல சத்தியம்."

கொடுத்தாள். வேறு வழி இல்லை. பனிக்காலம் முழுக்க அவன் அதோடு மல்லாடினான். போன் செய்தால், "அவசரப்படாதே, உனக்கு ஒரு பரிசு வெச்சிருக்கேன்" என்றான். நாடா கடைசி ஓட்டத்தில் தூள்தூளாகிவிட்டது என்றும் சொன்னான். அன்றைக்கு அவள் அழுதாள். ஆனாலும் குரல் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம்.

இந்த வருஷக் கூட்டத்தில் ஆள் குறைவு. நாற்காலிகளைவிட ஊன்றுகோல்தான் அதிகம் என்று வாசலிலேயே யாரோ கிண்டல் செய்தார்கள். கூடை வழக்கம்போல் நிரம்பியது. மேடையேறிய வாரன் கையில் விரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவ். அதை ரோனியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தான்.

"எல்லாரும் ஒரு உதவி பண்ணணும். இன்னிக்கு மட்டும் சாண்ட்விச் வசனத்தை யாரும் சொல்லக் கூடாது. வாயைத் திறந்தா கொன்னுடுவேன். ஏன்னு இப்பத் தெரியும்."

கூட்டம் முணுமுணுத்தது. ரோனிக்குப் புரிந்துவிட்டது. ஒருவரும் கத்தாமல், ஸ்டாஷ் தனியாக, இத்தனை பேர் முன்னால் பேசப்போகிறான். வாரனுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லாததை இந்த மனுஷன் அந்த ஒலியிலிருந்தே கண்டுபிடித்துவிட்டானோ? அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாரன் பென் டிரைவைக் கணினியில் செருகினான். விளக்கு அணைந்தது.

ஒலி கண்ணாடி மாதிரி இருந்தது. அலை ஓசை, படியில் ஈரக் காலடி, சீலியாவின் மூச்சு எல்லாம் துல்லியம். அம்மா மெதுவாக வைத்தும் நாடாவில் லேசாக விழுந்திருந்த பாத்திரச் சத்தம், வர வேண்டிய இடத்தில் வரவில்லை. ரோனி அதைக் கவனித்தாள், ஆனால் நினைப்பை அதில் நிறுத்தவில்லை. அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

"கதவைத் திறந்து வைத்தது யார், சீலியா?"

ஒரு நொடி அமைதி. பிறகு ஒரு பெண்குரல் மெதுவாகச் சொன்னது:

"காற்றுதான், கேப்டன்."

கூடமே எழுந்து நின்றது. ஊன்றுகோல்கள் உருண்டன. சிலர் கட்டிப்பிடித்து அழுதார்கள். சீலியா என்ன பதில் சொன்னாள் என்பதுதான் அந்தக் கூட்டத்தின் தீராத வழக்கு. ஸ்டாஷின் குரல் மேலே விழுந்து மூடிவிட்டதால் நாடாவில் அந்தப் பதில் ஒருவருக்கும் கேட்டதில்லை; அன்றைக்கு டிவியில் கேட்டவர்களுக்கும் சரியாக ஞாபகமில்லை. 'நான்தான்' என்றாள் என்று ஒரு கட்சி, 'உன் மகன்' என்றாள் என்று இன்னொரு கட்சி. அதற்காகப் பேச்சுவார்த்தை முறிந்த சிநேகிதர்கள்கூட உண்டு. இப்போது தெரிந்துவிட்டது. காற்று.

ரோனி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வாரன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"எப்படி என் பரிசு? நாலு மாசம், ரோனி. அந்த ஒரு வார்த்தைக்காக."

"ஸ்டாஷ் எங்கே?"

"யாரு?"

"எங்கண்ணன். அவன் குரல் எங்கே?"

"அதைத்தான் எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமா, மயிரிழை மயிரிழையா எடுத்தேன். இல்லாட்டி சீலியா எப்படிக் கேட்பா?"

"எடுத்ததை எங்கே வெச்சிருக்க? எடுக்கறதுக்கு முன்னாடி இருந்தது எங்கே?"

வாரன் நிமிர்ந்தான். முதல் முறையாக அவன் முகத்தில் சந்தேகம் தட்டியது.

"ஊருக்குப் போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன. ஒரே காப்பின்னு உனக்குச் சத்தியம் பண்ணினேன். இதை முடிச்ச அன்னிக்கே மத்ததெல்லாம் அழிச்சுட்டேன். ஒண்ணு விடாம அழிச்சேன்." குரல் தாழ்ந்தது. "அவன்தான் ஃப்ளோரிடால இருக்கானே, ரோனி. போன் போட்டா பேசப்போறான்."

"அவன் செத்து ஐம்பது வருஷமாச்சு."

அதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எதிரில் இருந்த மைக்கை அணைக்க வாரன் மறந்துபோயிருந்தான். கூடம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் அங்கங்கே நின்றது. யாரோ விளக்கைப் போட்டார்கள். வாரன் மேடைப் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எதற்காகத் திட்டுவது, சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கா?

ரோனி எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் கோவிச்சுக்க மாட்டேன். இத்தனை வருஷத்துல யாராவது, எனக்குத் தெரியாம, திருட்டுத்தனமா பதிவு பண்ணியிருந்தா சொல்லுங்க. சின்ன ரெக்கார்டரோ, போனோ, எதுவானாலும் சரி. எவ்வளவு கரகரன்னு இருந்தாலும் பரவாயில்லை."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒருத்தர்கூடவா இல்லை?" என்றாள். "இத்தனை பேர்ல ஒரு திருடன்கூடவா இல்லை?"

மூன்றாம் வரிசையிலிருந்து கிளைட் ஹாரல்சன் எழுந்தார். எண்பதை நெருங்கியவர், தலையில் ஊற்றிய தண்ணீர் இன்னும் காலரில் வழிந்துகொண்டிருந்தது. ரோனியின் உடம்பு முழுவதும் அவரை நோக்கி நீண்டது.

"ஒரு தடவை பாக்கெட்ல ரெக்கார்டரோட வந்தேன்" என்றார். "கூடைல போடலை. பொத்தான் மேல விரலையும் வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அமுக்கலை, ரோனி. உனக்குக் குடுத்த வாக்கு ஞாபகம் வந்துச்சு. அப்படியே எடுத்துட்டேன் விரலை." அவர் கண் கலங்கியது. எத்தனையோ வருஷம் மனசில் வைத்திருந்ததை இறக்கிவைத்துவிட்டு, அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றார்.

"நல்ல மனுஷன் நீங்க, கிளைட்" என்றாள் ரோனி. வேறு என்ன சொல்வது.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "என் சாண்ட்விச்சைத் தின்னது யாரு, ரோனி?" பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். கத்தவில்லை, சிரிக்கவில்லை. பிரார்த்தனை சொல்வதுபோல் சொன்னார்கள், திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்களுக்குக் கொடுக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். கிழட்டுக் குரல்கள், சளி கட்டிய குரல்கள், ஆணும் பெண்ணுமாய் அத்தனையும் அவள் காதுக்குள் இறங்கின. அங்கே பாதிச் சிரிப்போடு மிச்சமிருந்த ஒரு பையனின் குரல்மேல் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"வேண்டாம்" என்றாள். காதைப் பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்க. தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க."

உடனே நிறுத்திவிட்டார்கள். எப்போதுமே அவள் சொல்லைத் தட்டாதவர்கள்.

ரோனி கண்ணை மூடிக்கொண்டு பேயோன் வீட்டுக்குப் போனாள். ஸ்டூலின் மேல் மைக் இருந்தது. டிவி ஓடியது. குளிர்பெட்டிக் கதவு திறக்கிற சத்தம்கூட வந்தது. கேப்டன் கேட்டான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணனுக்காகக் காத்திருந்தாள்.

"காற்றுதான், கேப்டன்" என்றாள் சீலியா, கண்ணாடி மாதிரித் தெளிவாக.