பெட்டி இருண்டிருக்கிறது

வாக்குப் பெட்டிக்குள் ஒரே ஒரு கறுப்புக் கட்டை கிடந்தது. மற்றவை எல்லாம் வெள்ளை உருண்டைகள்.

கைதவறி விழுந்ததாக இருக்கும் என்றுதான் லோர்னா ஹட்சின்ஸ் முதலில் நினைத்தாள். துளைக்குள் கையை விட்டுத் தடவித்தான் போட வேண்டும். புதிதாகச் சேர வருபவருக்கு உருண்டை சம்மதம், கட்டை மறுப்பு. வெள்ளைக் கையுறை மாட்டிய விரல்களுக்குச் சில நேரம் வித்தியாசம் தெரியாது. அதனால் ஒரு கட்டை விழுந்தால் இன்னொரு முறை வாக்கெடுப்பது விளக்குப் பெண்கள் சபையின் வழக்கம். மறுபடியும் ஒரே ஒரு கட்டை விழுந்தாலும் சேர வந்தவளுக்கு இடமில்லை.

பதினேழு வயதில் அவள் அந்தச் சபையின் தலைவி. 1974 வசந்தத்தின் சனிக்கிழமைப் பிற்பகல். மேசன்கள் என்ற ஆண்கள் சங்கத்துக் கூடத்தின் மாடியில் தரை வரை தொங்கும் வெள்ளைக் கவுன்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கூட்டத்தையும் சபையின் வரலாற்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஒரு போதகர், மேசன்களின் மகள்களுக்கும் அவர்களுடைய தோழிகளுக்கும் என்று ஓக்லஹோமாவில் தொடங்கிய சபை அது. தோழிகளுக்கும் என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ரோஷெல் கெய்ன்ஸை மனுப் போட வைத்தாள் லோர்னா.

பள்ளி பேண்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கிளாரினெட் வாசிப்பவர்கள். ரோஷெலின் அப்பா டயர் கடை வைத்திருந்தார். சேர வேண்டும் என்று அந்தக் கூடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவள்தான். உங்க ஆளுங்க என்னைச் சேர்ப்பாங்களா என்று அவள் நூறு தடவை கேட்டாள். நான்தானே தலைவி என்று லோர்னா நூறு தடவை சொன்னாள்.

பெரியவர்களில் வாக்கு இல்லாமல் மேடையில் உட்காரும் ஒரே ஆள், சபையின் அம்மா எனப்படும் வழிகாட்டி. இந்தச் சபைக்கு மாம் பிரென்டிஸ். பெட்டியை எட்டிப் பார்த்தபோது அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"மறுபடி எடுக்க வேணாம், கண்ணு" என்றாள் காதோரம். "அந்தப் பொண்ணுக்குத்தான் சங்கடம். அவங்களுக்குன்னு தனிக் கூடம் இருக்கு, தனிச் சபை இருக்கு. அங்க சந்தோஷமா இருப்பா."

அப்போதுதான் கீழே சாப்பாட்டு அறையில் பார்த்த கேக் லோர்னாவுக்கு உறைத்தது. சேர வந்து கீழே காத்திருந்தவர்கள் இரண்டு பேர், ரோஷெலும் மாம் பிரென்டிஸின் தங்கை மகள் ட்ரூடியும். கேக்கில் எழுதியிருந்த பெயர் ட்ரூடி மட்டும்.



"எடுப்போம்" என்றாள் லோர்னா.

பெண்கள் மறுபடி வரிசையாக வந்தார்கள். சபை முறைப்படி மூலையில் செங்கோணமாகத் திரும்பி, குனிந்து, துளைக்குள் கைவிட்டு, திரும்பிப் போனார்கள். ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாம் ஒரே வெள்ளைக் கை. சின்ன வயதிலிருந்து இவள் வீட்டில் தங்கித் தூங்கி எழுந்தவர்கள், இவள் உடையைக் கடன் வாங்கியவர்கள். இவர்களில் ஒருத்தி.

மறுபடி ஒரு கட்டை.

யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்கக்கூடாது. அதுதான் சபையின் முதல் விதி. "பெட்டி இருண்டிருக்கிறது" என்று மட்டும் தலைவி அறிவிக்க வேண்டும். அறிவித்தாள். யாரோ மூச்சு விட்டார்கள். அது நிம்மதி போலக் கேட்டது.

அடுத்தது ட்ரூடி. பன்னிரண்டு வயது, முன்பல் இரண்டும் பெரிசு. முதல் வாக்கு தலைவியுடையது. லோர்னா கையை விட்டாள். இந்த முறை விரல்கள் தடுமாறவில்லை. மூலை மூலையாகத் தடவிப் பார்த்தே கட்டையை எடுத்தாள்.

பெட்டி இருண்டது. மாம் பிரென்டிஸ் சிரித்துக்கொண்டே, யாரோ கைதவறிப் போட்டுவிட்டார்கள், இன்னொரு முறை எடுப்போம் என்றாள். எடுத்தார்கள். லோர்னா மறுபடியும் கட்டையே போட்டாள்.

சிரிப்பு நின்றது. மாம் பிரென்டிஸ் மேடையிலேயே எழுந்துவிட்டாள்.

"யாருடீ போட்டது? ஒரு குழந்தைக்கு இப்படிப் பண்ண எவளுக்கு மனசு வந்துச்சு?"

"அதை யாரும் கேக்கக்கூடாது, மாம்" என்றாள் லோர்னா. "நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் கூட்டத்தை முடித்துவிட்டுப் படியிறங்கினாள். பயமில்லை. இன்னும் எதையாவது உடைக்கலாம் போலிருந்தது.

கீழே ரோஷெல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் நின்ற ட்ரூடியின் தலைமுடிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். சிறுமி அசையாமல் நின்றாள்.

"யாரை முதல்ல கூப்பிடுறாங்க?" என்றாள் ட்ரூடி.

"ரெண்டு பேரையும் இல்ல" என்றாள் லோர்னா.

ட்ரூடிக்குப் புரியவில்லை. பெரியம்மா சொன்னாங்களே, பெரியம்மா சொன்னாங்களே என்றாள். பிறகு புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரோஷெலின் கை ரிப்பனில் அப்படியே நின்றது. தன் விஷயத்தில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வரும்போதே தெரிந்துதான் வந்திருப்பாள்.

"என்னை வேணாம்னது அவங்க" என்றாள். "இவளை வேணாம்னது யாரு?"

லோர்னாவுக்கு விதி ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை.

"நான்தான்."

"எனக்காகவா?"

லோர்னா தலையசைத்தாள்.

"என் பேரை அதுல இழுக்காத." ரோஷெல் ரிப்பனை முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்தாள். "உன் கோபம் உன்னோடது. நான் கேட்டேனா? என்னை உள்ள கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்ன. முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டு என்னோட வெளிய வந்திருக்கணும். அங்கயே நின்னு ஒரு பச்சைப் பிள்ளையை அடிச்சிருக்க."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பின்வாசல் பக்கத்திலேயே இருந்தது. அவள் முன்வாசலுக்கு நடந்தாள். மேசன் அப்பாக்கள் சிகரெட்டோடு நின்ற வழி அது. அவர்கள் பேச்சு நின்று, கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மாடியிலிருந்து மாம் பிரென்டிஸ் இறங்கி வருவது தெரிந்தது. ட்ரூடி அவளிடம் ஓடினாள். லோர்னா தோளின் குறுக்கே அணிந்திருந்த தலைவியின் பட்டையைக் கழற்றினாள். அதில் குத்தியிருந்த ஊக்கு கழலவில்லை. இழுத்தாள். கவுனோடு சேர்ந்து கிழிந்தது.