தண்ணீருக்குள் போகும் கை

"மீனெல்லாம் அடியில போய்ச் சுருண்டுக்கிருதுண்ணே. தண்ணி ஐஸா இருக்கு. நல்ல ஹீட்டராப் பாத்துக் குடுங்க" என்றாள் ராமுத்தாய். திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய கஸ்பாரின் வண்ணமீன் கடைக்கு, மார்கழி பிறந்தால் இப்படி ஆட்கள் வருவார்கள்.

"தொட்டி எம்புட்டுப் பெருசு?"

"அம்பது லிட்டர் பிடிக்கும்."

லிட்டருக்கு ஒரு வாட் போதும் என்பது கஸ்பாருக்குத் தெரியும். தேவையான சூடு வந்ததும் தானே நின்றுகொள்ளும் ஐம்பது வாட் ஹீட்டர் அலமாரியில் இருந்தது. ஆனால் அவன் கை மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குப் போயிற்று. மொத்தமாக வாங்கிய, பெயரில்லாத மலிவுச் சரக்கு. போன மாதம் அதில் ஒன்றைக் கடைத் தொட்டியில் மாட்டிவிட்டுத் தண்ணீரில் விரல் வைத்தபோது சுள்ளென்று இழுத்தது. அன்றோடு தன் தொட்டிகளில் அதை மாட்டுவதை நிறுத்திவிட்டான். விற்பதை நிறுத்தவில்லை.

"இது நூறு வாட்டு. சட்டுனு சூடாயிரும்."

"ஷாக்கு கீக்கு அடிக்காதுல்ல?"

"அட, கண்ணாடிக்குள்ள இருக்கு. எப்பிடி அடிக்கும்?"

பையில் போட்டுக்கொண்டு அவள் சிரித்தாள். "பிள்ளைக குதிக்கப் போகுதுக. எங்க அங்கன்வாடியில பதினெட்டு வாண்டுக. மீனைத் தொடுறேன்னு எந்நேரமும் தொட்டிக்குள்ளதான் கை. அய்யலூர் பஸ்ஸு வந்துருச்சு, வாரேண்ணே."

கஸ்பார் தன் விரலையே பார்த்தபடி நின்றான். பிறகு அலமாரி ஹீட்டரை எடுத்துக்கொண்டு, கடையைத் திறந்துபோட்டபடியே ஓடினான். நகரத் தொடங்கிய பஸ்ஸைத் தட்டி நிறுத்தி, சன்னலோரம் இருந்தவளிடம் நீட்டினான்.

"டீச்சர், அதைத் திருப்பிக் குடுங்க. அதுல கரண்டு கசியும். இதை மாட்டுங்க. இதையுமே சுவிட்சை அமத்திப் பிளக்கைப் பிடுங்காம யாரும் தண்ணியில கை வைக்கக் கூடாது."

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

ஆமென்று அவன் தலையாட்டினான்.

"யோவ், யாவாரத்தை எறங்கி நின்னு பாருங்கய்யா!" என்று கண்டக்டர் விசிலை ஊதினார்.

பஸ் நகரும்போது நூறு வாட் ஹீட்டரை அவன் கையில் திணித்துவிட்டு ராமுத்தாய் கேட்டாள்: "அங்கன்வாடின்னு பேச்சுவாக்குல சொன்னேன், ஓடியாந்தீங்க. சொல்லாமப் போயிருந்தா?"

அவன் திரும்பி வந்தபோது கடையில் நண்பன் பழனிக்குமார் காத்திருந்தான். "மாப்ள, அந்த மலிவு ஹீட்டர் ஒண்ணு எடு. எனக்கென்ன, ஒத்தக்கட்டை. வீட்டுல பிள்ளையா குட்டியா?"

கஸ்பார் பெட்டியை வெளியே இழுத்து, ஒவ்வொரு ஹீட்டராக எடுத்து வயரை நறுக்கத் தொடங்கினான்.

"உனக்கும் கை இருக்குல்ல? நம்ம தொட்டியில மாட்டப் பயப்படுற சாமானை அடுத்தவன் தொட்டிக்கு விக்கக் கூடாதுப்பா. வாங்குனது யாருன்னு தெரிஞ்ச பெறகு பதறி என்ன பண்ண?"