விகாரம் என்றொரு சொல்

1.
இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. காசநோய்க் கிருமிக்குள் இருக்கும் நொதியம் ஒன்றின் பளிங்கமைப்பு. ஆனையிறவில் உப்பு விளைவதைப்போல நொதியத்தையும் பளிங்காக விளைவித்து, எக்ஸ் கதிர் பாய்ச்சி, அதன் உருவத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நாம் விழுங்கும் மருந்தை விழிக்கச் செய்வதே இந்த நொதியம்தான். கிருமி தன் கையாலேயே தன் சாவுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. படத்தில் இருந்ததோ விகாரமடைந்த நொதியம். ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதில் மருந்து நுழையும் வாசல் ஒடுங்கிவிட்டது. மருந்து வெளியிலேயே நின்றுவிடும்.

அந்த ஒடுங்கிய வாசலைப் பார்த்தபோதுதான் ஆன்சலா எனக்குத் தோன்றினாள்.

2.
தொடக்கம் ஒன்று: முல்லைத்தீவுக் கடலில் அன்று காற்று... (வேண்டாம். அவள் கடலை விட்டு வந்து நாளாகிவிட்டது.)

தொடக்கம் இரண்டு: தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, தர்மபுரம். இடம்பெயர்ந்து வந்து போட்ட கொட்டிலில் ஆன்சலா இருமிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்காகக் காசநோய்க் குளிசை போட்டும் இருமல் அடங்கவில்லை. கணவன் யோசெப் பயந்துபோய், மகள் கம்சாவைப் பூநகரியில் தன் அக்காவிடம் விட்டுவிட்டான்.

"நீ ஒழுங்காக் குளிசை போடு, பிள்ளையைக் கூட்டிவாறன்."

"மாதாவாணை விழுங்கினனான்."

"விழுங்கினா ஏன் சுகம் வரேல்லை? துப்பிப்போடுறாய். வாயைத் திற."

ஒவ்வொரு நாளும் திறந்தாள். நாக்கைத் தூக்கியும் காட்டினாள்.

(யோசெப்பைக் கெட்டவனாக எழுதத்தான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறான்.)

3.
ஆசுபத்திரியில் டொக்டர் மட்டும் அவளை நம்பினார். "கிருமி விகாரமடைஞ்சிருக்கலாம் அம்மா. இஞ்ச சோதிச்சுப் பாக்க வசதியில்லை."

(உயிரியல் பாடத்தில் விகாரம் என்றால் பரம்பரையலகில் நேரும் மாற்றம். ஊர்ப்பேச்சில் அவலட்சணம்.)

ஆன்சலா ஒட்டிப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டே வீடு வந்தாள்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"நான் விகாரமாப் போனனாம்."

அவள் குளிசையைத் துப்பவில்லை என்று யோசெப்பை நம்பவைத்திருக்கக்கூடிய ஒரே சொல் அப்படி வீணாய்ப் போயிற்று. இதை எழுதியபோது எனக்கு அழுகை வந்தது.

4.
முடிவு ஒன்று: அந்தப் படத்தை டொக்டரின் மேசையில் வைக்கிறேன். யோசெப் அதைப் பார்த்துத் தலைகுனிகிறான். (பொய். படம் வந்ததே பல ஆண்டுகள் கழித்து.)

முடிவு இரண்டு: மாரிமழை தொடங்கியதும் ஆன்சலா... (இல்லை. எழுதக் கை வரவில்லை.)

ஆகவே ஒரு காலையில் நிறுத்திக்கொள்கிறேன். ஆன்சலா குளிசையை விழுங்கித் தண்ணீரும் குடித்துவிட்டாள்.

"வாயைத் திற."

"வடிவாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் திறக்கிறாள்.

யோசெப் குனிந்து பார்க்கிறான். அந்தக் கொட்டிலில் படத்தைப் பற்றித் தெரிந்தவர் இப்போது நீங்கள் ஒருவர்தான். அவள் இன்னும் வாயை மூடவில்லை. அவனிடம் சொல்லுங்கள்.