பன்னிரண்டாவது குறிப்பு

பாதை மூடப்பட்டு முப்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. உறைந்த பைக்கால் ஏரியின் மேல் போகும் பனிப்பாதைக்குக் குறுக்கே அதிகாரிகள் பனிப்பாளங்களைக் குவித்து, சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குப் போக இனி ஹோவர்கிராஃப்ட் என்னும் காற்றுமெத்தை வண்டி மட்டும்தான். அதில் நாளை மதியம் வரை இடம் இல்லை.

காலை எட்டு மணிக்கு நான் ஏரியின் மேல் முழங்காலிட்டு, மூன்றாவது துளைக்குள் அளவுகம்பியை இறக்கிக்கொண்டிருந்தேன். கம்பியின் முனையில் ஒரு கொக்கி உண்டு. அது பனியின் அடிப்பக்கத்தில் மாட்டியதும் மேலே எண்ணைப் படிக்க வேண்டும். படித்தேன். கம்பியை எடுத்துவிட்டு மறுபடி இறக்கினேன். அதே எண். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நான் துளையிட்டது மூடிய பாதையில் இல்லை. அதற்கு வடக்கே, தீவின் நில முனையைச் சுற்றி, ஊர் ஓட்டுநர்கள் தாங்களாகப் போட்டுக்கொள்ளும் தடத்தில். பத்து மணிக்கு ரோதியோன் மாமா எட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இந்தத் தடத்தில்தான் வரப்போகிறார்.

நான் நீரியல் படித்தவள். தீவின் அளவு நிலையத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஏப்ரல் கடைசியில் பைக்கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேலே பார்க்க உறுதியாக இருக்கும். உள்ளே பனி முழுவதும் செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்திருக்கும். பூட்ஸ் குதிகாலால் ஓங்கி மிதித்தால் குச்சிக் கட்டு அவிழ்வது போல உதிரும். மாமாவின் வேனை எல்லோரும் ரொட்டி என்றுதான் சொல்வார்கள், வெட்டாத முழு ரொட்டி போன்ற வடிவம். ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்தால் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த மாதத்துப் பனியில் அதற்குக் குறைந்தது ஐம்பது சென்டிமீட்டர் வேண்டும்.

எங்கள் ஊரில் வண்டி ஓட்டுபவர்கள் பனியின் கனத்தை எண்ணால் சொல்ல மாட்டார்கள். தாங்கும் என்பார்கள். பாடுது என்பார்கள். கோபமா இருக்கு என்பார்கள். எண்ணைச் சொன்னால் ஏரி அதைக் காதில் வாங்கிக்கொண்டு குறைத்துவிடும் என்று நம்பிக்கை. நானும் என் அளவுகளை நகரத்துக்குக் குறுஞ்செய்தியாகத்தான் அனுப்புவேன். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

வீட்டு முற்றத்தில் மாமா வேனின் கதவுகளைத் திறந்து போட்டு, பெட்டிகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னைக்கு வேண்டாம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. போய்ட்டு வந்து உன் அத்தை கையால டீ குடிச்சேனா இல்லையா?"

"போன வருஷம் முனைகிட்ட நீரோட்டம் இவ்வளவு இல்ல. இந்த வருஷம் மூணாவது துளையில..."

அவர் கிரீஸ் படிந்த கையைத் தூக்கினார். "எண்ணைச் சொல்லிடாத. நான் அது மேல போகணும்."

"எண்ணைச் சொல்லல. தாங்காதுன்னு சொல்றேன்."

"அதைச் சொல்ல நான் இருக்கேன். முப்பத்தோரு வருஷமா ஓட்டறேன். உன் கம்பி ஒரு ஓட்டையில எட்டிப் பார்க்குது. என் டயரு ஏரி முழுக்கப் பார்க்குது. நேத்து புரோகோப்பி போய்ட்டு வந்தான்ல?"

"அவன் வண்டி காலி. தனியாத்தான் போனான்."

"அவன் போயி நான் போகலைன்னா, அடுத்த குளிர்காலம் வரைக்கும் கடையில அவன் வாய அடைக்க முடியுமா?"

அதுதான் விஷயம். ஒவ்வொரு வசந்தத்திலும் ஏரி மேல் கடைசித் தடம் யாருடையது என்று ஊரில் ஒரு கணக்கு. ஆறு வருடமாக அது மாமாவுடையது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஒன்றிரண்டு வண்டிகள் பனி உடைந்து ஏரிக்கு அடியில் போவதும் உண்டு. அந்தக் கணக்கை யாரும் கடையில் பேசுவதில்லை.

நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார். நான் நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் வானத்தைப் பார்த்தபடியே ஒரு பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"உன்னைப் படிக்க அனுப்புனதே நான்தான்" என்றார். "அதுக்காக என்னையே படிக்கச் சொல்லாத."

அக்கரையில் உள்ள ரோந்து அலுவலகத்துக்கு போன் செய்தேன். ஆள் கிளம்பி வரப் பதினொன்றாகும் என்றார்கள். பிறகு நகரத்துக்கு, லரீசா கென்னாதியெவ்னாவுக்கு. இந்தப் பயணிகளை அனுப்பிய நிறுவனம் அவருடையது.

"அர்யூனா, சீக்கிரம் சொல்லு. எனக்கு சுக்கோத்கா போற குழு வேற லைன்ல இருக்கு."

"இன்னைக்குத் தடம் பாதுகாப்பா இல்ல. நாளைக்கு மத்தியானம் ஹோவர்கிராஃப்ட்ல இடம் இருக்கு. அதுல அனுப்பலாம்."

"நாளைக்குக் காலையில அவங்களுக்கு விமானம். உன் மாமா என்ன சொல்றார்?"

"தாங்கும்ங்கறார்."

"அப்புறம் என்ன? உள்ளூர்க்காரங்களுக்குத் தெரியாததா?"

"நானும் உள்ளூர்க்காரிதான். இன்னைக்குக் காலையில அளந்தேன். மூணு துளை போட்டேன். மூணாவதுல..."

"எண்ணைச் சொல்லாத" என்றார் லரீசா. குரலில் அவசரம் போய்விட்டது. "இங்க பாரும்மா, நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். புரியுதா? நான் இந்த போனை எடுக்கவே இல்ல."

மாமா ஏரிக்குப் பயந்து கேட்க மறுத்தார். இவர் வழக்குக்குப் பயந்து மறுத்தார். போனைப் பையில் போடும்போது என் விரல் மடிந்த தாள் ஒன்றில் பட்டது. லரீசாவின் நிறுவனம் பயணிகள் எல்லோருக்கும் கொடுக்கும் தாள். நான் எழுதியது.

பதினோரு நேர வலயங்கள் உள்ள நாடு. ஒரு மூலையில் தோளை மூட வேண்டும், இன்னொரு மூலையில் கொடுத்த இறைச்சியை மறுக்கக் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் போட வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் லரீசா முடிவு செய்தார். எங்கள் பகுதியை எழுத என்னைக் கேட்டார். எழுதினேன். வாசற்படியை மிதிக்காதீர்கள். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்குங்கள். நெருப்பில் குப்பை போடாதீர்கள். தீவில் வங்கி அட்டை வேலை செய்யாது, ரொக்கம் கொண்டுவாருங்கள். பனியின் மேல் போகும்போது சீட் பெல்ட் போடாதீர்கள், கதவைப் பூட்டாதீர்கள்; பனி உடைந்தால் உடனே வெளியே குதிக்க வேண்டும். பதினொன்று தேறியது. லரீசா பன்னிரண்டு கேட்டார். "கொஞ்சம் ஆன்மா இருக்கற மாதிரி ஒண்ணு போடேன்" என்றார்.

போட்டேன். ஓட்டுநரிடம் பனியின் கனத்தைக் கேட்காதீர்கள், இங்கே அதை எண்ணால் சொல்வதில்லை. அதற்குப் பின்னால் 'ஏரியை நம்புங்கள்' என்று லரீசா சேர்த்துக்கொண்டார். பயணிகளுக்கு மற்ற பதினொன்றைவிட அது பிடித்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தில் அச்சடித்து விற்றார்கள்.

தீவின் கரைக்கு ஓடினேன்.

வேண்டுதல் துணிகள் கட்டிய கம்பங்களுக்குப் பக்கத்தில் பயணிகள் நின்றிருந்தார்கள். பாலில் மோதிர விரலை நனைத்து நான்கு திசையிலும் தெளித்துக்கொண்டிருந்தார்கள். என் தாளின் ஆறாவது குறிப்பு. அழகாகவே செய்தார்கள். ஸ்தாவ்ரபோலிலிருந்து வந்திருந்த பள்ளி ஆசிரியை நெல்லி அர்க்காதியெவ்னா எல்லோருடைய விரலையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்றவர். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். மூன்று நாளாகக் குழுவுக்கு அவர்தான் தலைவி, யாரும் நியமிக்காமலேயே.

"அந்த விரல் இல்ல, மகோமேத். அதுக்குப் பக்கத்து விரல்."

"எங்க ஊர்ல எல்லா விரலும் ஒண்ணுதான், டீச்சர்" என்றார் மகோமேத். தாகெஸ்தானில் பல் மருத்துவர். "கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்த ஐஸ் எவ்வளவு..."

"பன்னிரண்டு" என்றார் நெல்லி, கழுத்துத் தாளைத் தட்டி. மகோமேத் கேள்வியை விட்டுவிட்டு மறுபடி விரலை நனைத்தார்.

வேனைக் கரைக்குக் கொண்டுவந்திருந்த மாமா என்ஜினைப் போட்டார். அவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். யாரும் பெல்ட் போடவில்லை. கதவுகளைச் சாத்தாமல் கையால் பிடித்துக்கொண்டார்கள். நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்துச் செய்தார்கள்.

நான் வேனுக்கு முன்னால் போய் நின்றேன். முன்சக்கரம் பனியில் இறங்க இரண்டு அடி இருந்தது.

மாமா ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. மறுபடி அடித்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"தள்ளு, அர்யூனா. எல்லாரும் பார்க்கறாங்க."

புரோகோப்பியும் இன்னும் இரண்டு ஓட்டுநர்களும் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான்கு பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் என் குரல் எழும்பாது. பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வை எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

"அவங்ககிட்ட பேசணும்" என்றேன்.

"என்ன பேசணும்?"

"உங்ககிட்ட இல்ல மாமா. நீங்கதான் கேக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டீங்களே."

கடை வாசலில் யாரோ சிரித்தார்கள். மாமாவின் முகம் சிவந்தது. நான் பக்கவாட்டுக் கதவுக்குப் போனேன். போகும்போது கையிலிருந்த அளவுகம்பியை முன்சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே போட்டுவிட்டுப் போனேன். அது அரசாங்கக் கம்பி. அதை மாமா வளைக்க மாட்டார்.

எட்டு முகங்கள் என்னைப் பார்த்தன.

"நான் அளவு நிலையத்துல வேலை பார்க்கறேன்" என்றேன். "பாதையை மூடியாச்சு, இது பாதை இல்ல. இன்னைக்குக் காலையில இந்தத் தடத்தை அளந்தேன்."

நெல்லி கையைத் தூக்கினார், வகுப்பில் செய்வது போல. "கண்ணு, எங்களுக்குச் சொல்ல வேண்டாம். உங்க வழக்கத்தை நாங்க மதிக்கறோம்."

"மதிக்காதீங்க."

"இதுல எழுதியிருக்கே."

"நான்தான் எழுதினேன்."

நெல்லி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது பொய்யா?"

"பொய் இல்ல. எங்க ஓட்டுநர்கள் அப்படித்தான். ஆனா அது அவங்க தங்களுக்குள்ள வச்சுக்கற விஷயம். ஒருத்தன் தன் வண்டியில தனியாப் போறப்ப. உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. பன்னிரண்டு ஆகணும்னு கேட்டாங்க, ஒண்ணு குறைஞ்சுது, படிக்க நல்லா இருக்கும்னு போட்டேன்."

"பாதை மூடியிருக்குன்னு யாரும் எங்களுக்குச் சொல்லலையே" என்றார் மகோமேத் மெதுவாக. "இதுதான் பாதைன்னாங்க."

"மூடி ரெண்டு நாளாகுது. நாளைக்கு மத்தியானம் ஹோவர்கிராஃப்ட் இருக்கு. இன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல படுத்துக்கலாம். விமானம் போயிடும்."

"ரோதியோன் மத்வேயிச்" என்று நெல்லி முன்னால் கூப்பிட்டார். "உங்க பொண்ணு சொல்றது சரியா?"

மாமா திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளையே பார்த்தார். "அவ என் அக்கா பொண்ணு" என்றார். "அவ கம்பி சொல்றதைச் சொல்றா. நான் காலு சொல்றதைச் சொல்றேன். தாங்கும்."

"எவ்வளவு தாங்கும்?"

"அதைக் கேக்கக் கூடாதும்மா."

நான் கையை நீட்டினேன். நெல்லிக்கு முதலில் புரியவில்லை. பிறகு கழுத்திலிருந்து உறையைக் கழற்றிக் கொடுத்தார். தாளை வெளியே எடுத்து, வேனின் தகரத்தில் வைத்து, நோட்டுக்கு வைத்திருந்த பென்சிலால் பன்னிரண்டாவது வரியின் மேல் கோடு போட்டேன். மை அச்சில் பென்சில் தெரியவில்லை. இன்னும் அழுத்திப் போட்டேன். தாள் கிழிந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

"இப்ப பதினொண்ணுதான் இருக்கு" என்றேன். "கேளுங்க."

மாமா என்ஜினை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று தெரியவில்லை. என்னை அதட்டுவதற்காக இருக்கலாம். நிறுத்தியதும் ஏரி காதில் விழுந்தது. தூரத்தில், முனைப் பக்கம், நீளமாக ஒரு விரிசல் ஓடும் சத்தம். கடை வாசலில் இருந்தவர்கள் ஏரிப் பக்கம் திரும்பினார்கள்.

"அர்யூனா" என்றார் மாமா. இந்த முறை குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. "ஏரிக்கரையில நிக்கற. இங்க வச்சுச் சொல்லாத. இத்தனை வருஷத்துல யாரும் சொன்னதில்ல."

"யாரும் கேட்டதில்ல" என்றேன்.

நெல்லி கிழிந்த தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். ஒரு காலை வேனிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முப்பது வருடம் கேள்வி கேட்டுப் பழகிய குரலில், கரை முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

"பொண்ணு, அந்த ஐஸ் எத்தனை சென்டிமீட்டர்?"

நோட்டைத் திறக்கவில்லை. ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அது கேட்கட்டும் என்றுதான்.

"முதல் துளையில ஐம்பத்திரண்டு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ரெண்டாவதுல முப்பத்திநாலு. முனைகிட்ட, தடம் திரும்பற இடத்துல, பத்தொன்பது."