கப்பல்காரர் வீட்டுக் கால்கள்

தந்தை இறந்து பத்தரை மணி நேரம் கழித்து, 1958 மார்ச் முதல் தேதி காலை, லீலாவின் கால்கள் தாமாக நடக்கத் தொடங்கின. பரமசிவத்தின் உடல் பஃபலோ ரோடு வீட்டுக் கூடத்தில் கிடந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த லீலா ஆறரை மணிக்கு எழுந்தாள், செருப்பில்லாமல் வாசலைத் தாண்டினாள், சிலிகி ரோடு வழியாகப் பிராஸ் பாசா வரை போய், அங்கிருந்த புல்திடலில் ஏழிலிருந்து எட்டு வரை கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். பிறகு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து அழுதாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் புதிதாக இருந்தது: அதுவரை அந்த வீட்டில் ஆண்களின் கால்களே நடந்திருந்தன. பரமசிவத்துக்கு வேறு பிள்ளை இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் காப்பியைக் குடித்தார்கள்.

நடையைத் தொடங்கிவைத்தவர் லீலாவின் கொள்ளுத்தாத்தா சடையப்பன். அவர் நாகப்பட்டினத்துத் துணி வியாபாரி, சொந்தக் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தவர், பத்திரமாகக் கரை சேர்ந்தால் மாதாமாதம் முதல் தேதி நடந்துவந்து நிற்பதாக வேண்டிக்கொண்டவர் என்று குடும்பத்தில் சொல்வார்கள். அதனால் அது கப்பல்காரர் வீடு. சடையப்பன் 1871இல் இறந்தார். அடுத்த முதல் தேதி அவருடைய ஒன்பது வயது மகன் வாயில் பல்குச்சியோடு எழுந்து போனான். அவனுக்குப் பின் அவன் மகன் பரமசிவம். ஜப்பானியர் காலத்தில் ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்டிப் பரமசிவத்தைத் தடுத்தான், கால்கள் நிற்கவில்லை. சிப்பாய் கூடவே வந்து, திடலில் அவனும் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வேலைக்குப் போனான்.

சாவதற்கு முன்பு பரமசிவம் மகளை மட்டும் அருகில் அழைத்து, அந்த நடையைப் பற்றி ஒன்றைச் சொன்னார். அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்றார். லீலா சொல்லவில்லை. அறிவியல் பட்டம் வாங்கி ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு முறை கால்களைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். கட்டில் வாசல்வரை வந்து நிலையில் சிக்கிக்கொண்டது. ட்ரைஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிப் பார்த்தாள். கால்கள் காற்றில் நடந்தன, தன்னைக் கேலி செய்வதாக ட்ரைஷாக்காரர் கோபித்துக்கொண்டார். அதன் பிறகு கேன்வாஸ் காலணி வாங்கிக்கொண்டாள்.

1963இல் வடிவேலு பெண் பார்க்க வந்தான். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. பார்த்துவிட்டுப் போனவன் அடுத்த மூன்று முதல் தேதிகளிலும் திடலின் ஓரத்தில் வந்து நின்றான். லீலாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவன் தாய் பாக்கியலட்சுமிக்குக் கப்பலைப் பிடித்திருந்தது. கப்பல்காரர் வீட்டுச் சம்பந்தம் என்று தஞ்சோங் பகாரில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். பஞ்சாங்கம் பார்த்து ஆவணி பதினாறு, காலை ஆறிலிருந்து ஏழரை என்று நாள் குறித்தவளும் அவள்தான். அது செப்டம்பர் முதல் தேதி என்பதை, பத்திரிகை அச்சாகி வந்த பிறகே லீலா கவனித்தாள்.

“ஆறு பத்துக்குத் தாலி ஏறிடும்டி. ஏறிட்டா நீ வேற வம்சம், கால் நின்னுடும்,” என்றாள் அவள் தாய் அன்னம்மா.

“நிக்கலன்னா?”

“இப்படிக் கேள்வி கேட்டுக்கிட்டே இரு, ஒனக்குக் கல்யாணம் ஆன மாதிரிதான்.”

அன்று விடியற்காலை மழை. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் ஹோமக் குச்சிகள் நனைந்திருந்தன. ஐயர் விசிறிக்கொண்டே இருந்தார். ஆறரைக்கு மணப்பெண் மாலையோடு எழுந்து வெளியே நடந்தாள். இதுவும் சடங்கு என்று எண்ணி நாதஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டே பின்னால் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் தாலித் தட்டோடு வடிவேலு, விசிறியோடு ஐயர், இரண்டு வீட்டு உறவினர்கள். வழியில் பேருந்துகள் ஒதுங்கி நின்றன. ஏழு மணிக்கு எல்லாரும் திடலில் இருந்தார்கள். கடைசியாக மூச்சிரைக்கப் பாக்கியலட்சுமி வந்து சேர்ந்தாள்.

“என்ன சம்பந்தி இது கூத்து லா? ஹோமம் அங்க, பொண்ணு இங்க!”

“வேண்டுதல் சம்பந்தி. எட்டு மணி வரைக்கும் நகர மாட்டா.”

“ஏழரையோட முகூர்த்தம் முடியுது. அது தப்புச்சுன்னா இந்தக் கல்யாணமே வேணாம்.”

“இங்கயே கட்டிடறேம்மா,” என்றான் வடிவேலு.

“ஒனக்கு அவசரம்டா!” அவள் லீலாவின் பக்கம் திரும்பினாள். “சாமி குடியிருக்கற எடம்னா கட்டட்டும். எந்தச் சாமிக்கும்மா வேண்டிக்கிட்டாரு உங்க கப்பல்காரரு? பேரைச் சொல்லு, நானும் கும்புட்டுக்கறேன்.”

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் இருந்தது. முருகன் என்று சொன்னால் போதும் என்று அன்னம்மா உதட்டை அசைத்துக் காட்டினாள். லீலா யோசித்தாள். பொய் சொன்னால் அந்தச் சாமிக்கு ஆயுள் முழுக்கப் படைக்க வேண்டியிருக்கும். உண்மையைச் சொன்னால் வடிவேலு தட்டோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

அவள் சொன்னதைக் கேட்டுப் பாக்கியலட்சுமி குனிந்து காலடிப் புல்லைப் பார்த்தாள். பிறகு, “அவ்வளவுதானா? நான் ஏதோ நரம்புச் சீக்குன்னு பயந்துட்டேன். கட்டுடா,” என்றாள். ஏழு இருபத்தேழுக்குத் தாலி ஏறியது. கால்கள் எட்டு மணி வரை நின்றன. தம்பதிக்குக் குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்த பிறகு தூரம் அதிகம் என்பதால் கால்கள் ஐந்து மணிக்கே புறப்பட்டன. பாக்கியலட்சுமி பிளாஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு பேருந்தில் முன்னால் போய்க் காத்திருப்பாள். கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தை அவளே சொன்னாள், குரலைத் தாழ்த்தாமல். 1968இல் மூத்த பெண்ணுக்கு மூன்று வயது. முதல் தேதிகளில் தூக்கத்திலேயே அவள் பாதங்கள் அசைந்தன. அவளுக்கு ஓர் அளவு பெரிதாகக் காலணி வாங்கி வைத்தார்கள்.

கல்யாணத்தன்று திடலில், நாதஸ்வரக்காரர்கள் உட்பட எல்லாருக்கும் கேட்கும்படி, லீலா சொன்னது இது:

“சாமியெல்லாம் இல்ல அத்தை. அவருக்குக் கப்பலும் இல்ல. கால்ல வெலங்கு மாட்டிக் கைதியா கொண்டாந்தாங்க. இங்கதான் ஜெயில் இருந்துச்சு. வெளிய தங்கிக்க விட்டாங்க, ஆனா மாசம் மொதத் தேதி வந்து ஆஜர் ஆகணும். போதும்னு இன்னும் யாரும் சொல்லல.”