ஆயிரத்து அறுநூறு கிலோவுக்குள்

எங்கள் வீட்டில் குண்டூசி வாங்குவதென்றாலும் குடும்பத்தோடுதான் போவோம். கார் பார்க்கவும் ஐந்து பேராகத்தான் ஷோரூமில் போய் இறங்கினோம். என் கணவர், அவர் தம்பி, தங்கை, மாமியார், நான்.

நான் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடுபவள். கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போவதாக நாலு மாதம் முன்பே சொல்லிவிட்டார்கள், இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். வேறு இடம் அமையவில்லை. வெல்டர் வேலை செய்யும் கொழுந்தன்தான், "கடை ஒரே எடத்துல இருக்கணும்னு என்ன அண்ணி கட்டாயம்?" என்று கேட்டார். மூன்றே மாதத்தில் குளியல் தொட்டி, டிரையர், தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து ஒரு டிரெய்லரையே செய்து நிறுத்திவிட்டார். இனி அதை இழுக்க ஒரு கார் வேண்டும். எங்களுக்குக் கட்டுப்படியாகிற கார் அதை இழுக்காவிட்டால், முன்பு வேலை பார்த்த கடை முதலாளியம்மாவிடம் போய் மறுபடி வேலை கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அதற்கு நாய்க்கூண்டில் படுத்துக்கொள்ளலாம்.

ஷோரூமில் ஐந்து ரகங்கள் நின்றன. என் கண் ஏழு சீட் வண்டி மேலேயே இருந்தது. "இது போதும். யானையக் கட்டினாலும் இழுக்கும்" என்றேன்.

என் கணவர் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவர். வீட்டில் அவருக்கு அட்டவணை என்றே பெயர். ஐந்து வண்டிகளின் கையேடுகளையும் வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் காது சிவந்தது. சந்தோஷம் வந்தால் அவருக்கு முதலில் காதுதான் சிவக்கும்.

"இங்க வந்து பாரு. உன் யானை வண்டி ஆயிரத்து இருநூறு கிலோதான் இழுக்குமாம்."

"இவ்வளவு பெருசு?"

"அதோட சொந்த எடையும் ஏழு பேரும் சேந்தா எஞ்சினுக்கு அதுவே போதும். அந்த மூலையில நிக்கிற டீசல் வண்டி ஆயிரத்து அறுநூறு இழுக்குது. அதுவும் கியர் போட்டு ஓட்டுற வண்டி மட்டும்தான். அதே வண்டி ஆட்டோமேட்டிக்னா ஆயிரத்து நானூறு. டிரெய்லருக்குத் தனியா பிரேக் இல்லேன்னா எதுவா இருந்தாலும் எழுநூறு தாண்டக் கூடாது."

"பிரேக் வெச்சிருக்கேன்" என்றார் கொழுந்தன், மார்பைக் கொஞ்சம் நிமிர்த்தி.

சின்னக் கார் எதையுமே இழுக்கக் கூடாதாம். செடான் தொள்ளாயிரம். பிக்கப் மூவாயிரம் இழுக்கும், ஆனால் விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு இழுக்கும். ஒரே கம்பெனி, ஒரே கூரையின் கீழ் நிற்கிற வண்டிகள், இப்படி ஆளுக்கொரு குணமா? எனக்கு ஒன்றுமே புரியவில்லை. விற்பனைப் பெண்கூட வந்து எங்கள் கட்டத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"சரி, டிரெய்லர் எவ்வளவு எடை?" என்றார் அட்டவணை.

"பாத்தாலே தெரியுதே. ஆயிரத்து இருநூறு" என்றார் கொழுந்தன்.

"உன் கண்ணுல என்ன தராசு முள்ளா இருக்கு?"

மறுநாள் காலை வாடகை லாரி ஒன்று டிரெய்லரை எடைமேடைக்கு இழுத்து வந்து, தட்டின் மேல் கழற்றி விட்டுவிட்டு ஒதுங்கியது. சாலையோடு சாலையாகப் பதித்த பெரிய இரும்புத் தட்டு அது. எடை காட்டும் பலகை எதிர்ச்சுவரில் இருந்தது. நன்றாகத் தெரியவேண்டும் என்று ஐந்து பேரும் டிரெய்லரை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தோம்.

ஆயிரத்து எழுநூற்று எண்பது.

இத்தனைக்கும் டேங்க் காலி. கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. "டிரையரை எடுத்துடலாம். தொட்டியை அறுத்துச் சின்னதாக்கிடலாம்" என்றார். தொட்டியை அறுத்தால் பெரிய நாயை எங்கே நிற்க வைப்பது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளியம்மாவிடம் என்ன சொல்லிக் கேட்பது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

எடைமேடை அறையின் ஜன்னல் திறந்தது. எடை போடுகிற அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க அஞ்சு பேரும் அதுக்குள்ள ஏறிக்கிட்டேதான் ஊர் சுத்தப் போறீங்களா?"

ஒருவர் காலை ஒருவர் பார்த்தோம். ஐந்து ஜோடிக் கால்களும் தட்டின் மேல்தான் இருந்தன.

மாமியார்தான் முதலில் இறங்கினார். பலகையில் எண் குறைந்தது. நாத்தனார் இறங்கினாள், நான் இறங்கினேன், அட்டவணை இறங்கினார். கடைசியாகக் கொழுந்தன் இறங்கியதும் ஒரே மூச்சில் நூறு கிலோவுக்கு மேல் விழுந்தது. ஆயிரத்து நானூற்றுப் பத்து. நான் வாய்விட்டுச் சிரித்தேன், கன்னத்தில் கண்ணீர் காயவில்லை.

அடுத்து தண்ணீர். அந்த அம்மாவிடமே குழாய் கேட்டு டேங்கில் விட்டோம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆயிரத்து நானூற்று ஐம்பது, ஆயிரத்து ஐந்நூறு என்று பலகை ஏற ஏற நாத்தனார் என் கையை நசுக்கினாள். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பதில் அட்டவணை குழாயை மூடினார்.

"இன்னும் அம்பது போகுமே" என்றேன்.

"ஷாம்பு, துண்டு, சீப்பெல்லாம் யார் தலையில வெச்சுப்ப? நூத்தி நாப்பது லிட்டர். நாலு பெரிய நாய்க்குப் போதும். தீந்தா, குளிப்பாட்டப் போற வீட்டுக் குழாயிலயே பிடிச்சுக்க."

கியர் டீசல் வண்டிதான் என்று விற்பனைப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

போனை வைத்துத் திரும்பினால், எடைச்சீட்டோடு அந்த அம்மா வெளியே நின்றிருந்தார். அவர் பின்னாலிருந்து சேறு அப்பிய ஒரு நாய் எட்டிப் பார்த்தது.

"இவனுக்கு எவ்வளவு தண்ணி ஆகும்?" என்றார்.

நான் பையிலிருந்து ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.